அரசு சொன்னதைச் செய்தால் பாவம் யாரைச் சேரும்?

அன்பானவர்களே, வணக்கம். இன்றைய கேள்வியை அனுப்பியவர் அரசுப் பணியில் இருக்கும் ஒரு சகோதரர். அவர் கேட்கிறார்: "கடவுளிடமிருந்து வராத அதிகாரம் இல்லை, ஆகவே ஆள்வோருக்குப் பணிந்திருங்கள் என்று உரோமையர் 13-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். அப்படியானால் மேலிடத்து உத்தரவு தவறு என்று என் மனச்சான்று சொன்னாலும், நான் அதைச் செய்துவிட்டால் பாவம் உத்தரவு போட்டவரைத்தானே சேரும்? மறுத்தால் வேலை போகும், பிள்ளைகள் கஷ்டப்படுவார்கள். குடும்பத்தைத் தவிக்க விடுவது மட்டும் சரியா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உத்தரவு போட்டவரை மட்டும் சேராது. அவருக்கு அவருடைய பங்கு உண்டு, செய்த கைக்கும் பங்கு உண்டு. இறுதித் தீர்ப்பில் நமக்குப் பதிலாக மேலதிகாரி வந்து நிற்க மாட்டார்.

உரோமையர் 13-ஐ நாம் பெரும்பாலும் முதல் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஐந்தாம் வசனம் வரை வாருங்கள். தண்டனைக்குப் பயந்து மட்டும் அல்ல, மனச்சான்றின் பொருட்டும் பணிய வேண்டும் என்கிறார் பவுல். அதாவது, அரசுக்குப் பணிவதும் மனச்சான்றோடு செய்கிற வேலைதான். மனச்சான்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போகச் சொல்லவில்லை. நான்காம் வசனம் ஆள்பவரைக் கடவுளின் தொண்டர் என்கிறது. தொண்டர் என்றால் அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். யூதர்களின் தலைமைச் சங்கத்தின் முன்னால் பேதுருவும் திருத்தூதரும், மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கு அல்லவா கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்னது திருத்தூதர் பணிகள் 5:29-ல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மறைசாட்சி என்றதும், திருவிதாங்கூரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் நமக்கு நினைவுக்கு வருவார், சரிதான். ஆனால் அவரைத் தண்டித்தது வேறு சமயத்தைச் சேர்ந்த அரசு. உங்கள் கேள்வி இன்னும் சிக்கலானது. சுற்றியிருக்கிற நல்லவர்கள் எல்லாம், நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களே, "போனால் போகிறது, செய்துவிடு" என்று சொல்லும்போது என்ன செய்வது? அதற்கு ஒருவரின் வாழ்க்கையையே பதிலாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர், ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சின்ன கிராமத்து விவசாயி. பிறந்தது 1907. மனைவி ஃபிரான்சிஸ்கா, மூன்று பெண் குழந்தைகள். ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளையாகவும் வேலை பார்த்தவர். பெரிய படிப்பு கிடையாது. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தபின், ஏப்ரல் 10-ஆம் தேதி அந்த இணைப்புக்கு மக்களிடம் வாக்கு கேட்டார்கள். அந்த ஊரில் 'வேண்டாம்' என்று வாக்களித்தவர் இவர் ஒருவர்தான். நாஜிக் கட்சி வசூலுக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. அந்த அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த உதவித்தொகையையும் வாங்கவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பணத்தை வேண்டாம் என்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

1940-ல் படைக்கு அழைத்தார்கள், போனார். பயிற்சியும் எடுத்தார். ஊராட்சி கேட்டுக்கொண்டதால், விவசாயம் பார்க்க வேண்டியவர் என்று 1941-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபின் யோசிக்க ஆரம்பித்தார். மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசே கொல்கிறது என்ற செய்தி அவர் காதுக்கும் வந்திருந்தது. இன்னொரு நாட்டுக்காரன் வீட்டில் புகுந்து அவனைக் கொல்கிற போர் எப்படி நீதியான போர் ஆகும் என்று கேட்டார். மறுபடி அழைத்தால் போவதில்லை என்று முடிவு செய்தார்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் தன் யோசனையை மட்டும் நம்பவில்லை. தெரிந்த குருக்களிடம் பேசினார். லின்ஸ் நகருக்குப் போய் ஆயர் யோசப் ஃப்ளீஸரையே பார்த்தார். ஆயர் என்ன சொன்னார்? குடும்பத் தலைவன் என்ற முறையில் உன் கடமை முதலில் மனைவி மக்களுக்கு, போர் நியாயமா என்று தீர்மானிப்பது உன் பொறுப்பல்ல, ஆள்பவர்கள் பொறுப்பு. ஏறக்குறைய நீங்கள் கேட்டதேதான்! ஆயர் கெட்டவர் அல்ல. பயம் நிறைந்த காலம் அது, இந்த ஆளை எப்படியாவது உயிரோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் யேகர்ஷ்டேட்டருக்கு அந்தப் பதில் போதவில்லை. எல்லாப் பொறுப்பையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, கிறிஸ்தவன் தப்பித்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி.

1943 மார்ச் 1-ஆம் தேதி என்ஸ் நகரப் படைமுகாமுக்குத் தானே போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொன்னார். ஓடி ஒளியவில்லை. காயம்பட்டவர்களுக்கு உதவும் மருத்துவப் பணி என்றால் செய்யத் தயார் என்றும் சொன்னார், அதை ஏற்கவில்லை. முதலில் லின்ஸ் சிறை, பிறகு பெர்லினில் டேகல் சிறை. கைகளில் விலங்கு. மனத்தைக் கட்டுவதைவிடக் கையைக் கட்டுவது மேல் என்று அந்த விலங்கோடுதான் எழுதினார். ஜூலை 6-ஆம் தேதி படை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்டு 9-ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் தலையை வெட்டினார்கள். வயது 36.

சிறையில் அவருக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற ஆஸ்திரியக் குரு, ஹிட்லர் பெயரில் படைச் சத்தியம் செய்ய மறுத்து முந்தைய ஆண்டே கொல்லப்பட்டார் என்று சிறை ஆன்ம குரு சொன்னார். தனக்கு முன்னால் இன்னொருவர், அதுவும் ஒரு குரு, இதே முடிவை எடுத்திருக்கிறார்! அதுவரை அவர் அறிந்த திருச்சபைக்காரர்களில் யாருமே அவர் பக்கம் நின்று 'நீ செய்வது சரி' என்று சொல்லியிருக்கவில்லை. போர் முடிந்தபின்னும், 1946-ல், அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றை மறைமாவட்ட இதழில் போட ஆயர் விடவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மறைக்கக் கூடாது. பிறகு நிலைமை மாறியது. பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ், உலகெங்கும் இருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திடம் இவருடைய வாழ்க்கையை எடுத்துச் சொல்லி, மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்காக வாதாடினார். அப்படி மறுப்பவர்களுக்குச் சட்டம் மனிதநேயத்தோடு வழி செய்ய வேண்டும் என்று 1965-ல் சங்கத்தின் ஏடு சொன்னது. 2007-ல் யேகர்ஷ்டேட்டரைத் திருச்சபை அருளாளராக, அதாவது புனிதர் நிலைக்கு முந்தைய படியில், அறிவித்தது.

சரி, வெறும் பிடிவாதத்தையும் மனச்சான்று என்று சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். சொல்லிக்கொள்ளலாம், பலர் சொல்கிறார்கள். அதனால்தான் இவரைக் கூர்ந்து பார்க்கச் சொல்கிறேன். ஒரே இரவில் முடிவெடுக்கவில்லை. தனக்கு எதிராகப் பேசக்கூடியவர்களிடமே போய் ஆலோசனை கேட்டார். போருக்குப் போன ஊர்க்காரர்களைப் பாவிகள் என்று தீர்ப்பிடவில்லை. விலையைத் தானே கொடுத்தார், இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கவில்லை. தனக்குச் சலுகை வேண்டும் என்பதற்காக மனச்சான்றை இழுப்பவரிடம் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

நம் நாட்டில் நிலைமை வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தையே உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் எங்கள் விசுவாசப்படி பாட மாட்டோம் என்றார்கள். 1985-ல் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல, அவர்கள் போதனை பலவற்றை ஏற்பவனும் அல்ல. இருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த தீர்ப்பு உங்களுக்கும் எனக்கும் பாதுகாப்பு. ஆகவே தவறான உத்தரவு வந்தால் உடனே வேலையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எழுத்து மூலம் கேளுங்கள், எழுத்து மூலம் மறுப்பைப் பதிவு செய்யுங்கள், நீதிமன்றக் கதவு இருக்கிறது. யேகர்ஷ்டேட்டருக்கு அந்தக் கதவே இல்லை.

கடைசியாகக் குடும்பம். அவருடைய மூன்று பெண் பிள்ளைகளும் 'அன்பு அப்பா, சீக்கிரம் வாங்க' என்று எழுதிய அட்டையோடு நிற்கிற புகைப்படம் ஒன்று சிறைக்கு அவரிடம் போனது. அதைப் பார்த்தும் முடிவை மாற்றவில்லை. பாசம் இல்லாதவர் என்று சொல்லிவிடாதீர்கள், மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் அவ்வளவு அன்பாக இருக்கின்றன. ஃபிரான்சிஸ்கா முதலில் அவரைத் தடுத்தவர்தான். எல்லோரும் அவருக்கு எதிராகப் பேசுவதைப் பார்த்தபின், நானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று அவர் பக்கம் நின்றார். அதற்கு ஃபிரான்சிஸ்காவும் விலை கொடுத்தார். ஊரில் பழியை அவர்மேல் போட்டார்கள். போரில் இறந்தவர்களின் விதவைகளுக்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950 வரை கிடைக்கவில்லை. நிலத்தில் உழைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். 2007-ல் கணவரை அருளாளராக அறிவித்த திருப்பலியில் 94 வயதில் கலந்துகொண்டார்.

அதனால் சகோதரரே, குடும்பத்தைக் காரணம் காட்டி முடிவைத் தள்ளிப்போடுவதற்கு முன், குடும்பத்திடம் இதைப் பேசியிருக்கிறீர்களா? உங்கள் துணைவியாரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். உத்தரவு என்ன, உங்களை உறுத்துவது எது, மறுத்தால் என்ன நடக்கலாம், எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இருவருமாகச் செபித்துவிட்டு, விரும்பினால் என்னிடமும் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.