கைக்கணக்கும் பொறிக்கணக்கும்: எட்சாக் கணினியின் முதல் நிரல்கள்

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கணினியின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் பொறியைப் பற்றியே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எத்தனை வெற்றிடக்குழல் வால்வுகள், எவ்வளவு மின்சாரம், எத்தனை பெரிய அறை என்ற வியப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பொறிக்குள் முதன்முதலாகப் போன கணக்குகள் எவை, அவற்றை யார் எப்படி எழுதினார்கள் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வுக்கூடம். பொறி, 1949 முதல் 1958 வரை அங்கு இயங்கிய எட்சாக். காகிதமும் பென்சிலும் கையால் சுழற்றும் கணக்கிடுபொறியும் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த கணக்கை அப்படியே இந்தப் புதிய பொறியிடம் ஒப்படைக்க முடியவில்லை என்பதும், கணக்கின் முறையையே மாற்றி எழுத வேண்டியிருந்தது என்பதும்தான் நான் நிறுவ விரும்புவது.

அந்த ஆய்வுக்கூடம் 1937-இலேயே தொடங்கப்பட்டது. போருக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்ற மாரிஸ் வில்க்ஸ், 1946 மே மாதத்தில் கணித அறிஞர் ஃபான் நாய்மன் எட்வாக் என்ற கணினிக்காக எழுதிய வரைவறிக்கையை ஓரிரவு மட்டும் கடனாகப் பெற்று, விடிவதற்குள் படித்து முடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் மூர் மின்பொறியியல் பள்ளியில் நடந்த விரிவுரைகளின் பிற்பகுதியைக் கேட்டுவிட்டுக் கப்பலில் திரும்பும்போதே தம் பொறியை வடிவமைக்கத் தொடங்கிவிட்டார். 1949 மே 6 அன்று எட்சாக் முதல் கணக்கைப் போட்டது. 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்க அட்டவணை அது. 2 நிமிடம் 35 நொடியில் அச்சாகி வந்தது. சில நாள்களிலேயே ஆய்வு மாணவர் டேவிட் வீலர் எழுதிய பகா எண் நிரலும் ஓடியது.

இவை ஒத்திகைகள். உண்மையான சிக்கல் என்னவென்று உணர, அந்தப் பொறியில் என்னென்ன இல்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 3000 வால்வுகள் கொண்ட அந்தப் பொறியின் நினைவகம், பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களில் ஒலித்துடிப்புகளை ஓயாமல் சுற்றவிடுவதால் அமைந்தது. முழு அளவை எட்டியபோதும் அதில் 1024 குறுஞ்சொற்கள், அதாவது ஒரு கட்டளையோ ஒரு சிறிய எண்ணோ அடங்கும் இடங்கள், மட்டுமே இருந்தன. தொடக்கத்தில் அதில் பாதிதான். கட்டளைகள், எண்கள், இடைக்கணக்குகள் எல்லாம் அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கலுக்குக் கட்டளைகள் இருந்தன, வகுத்தலுக்கு இல்லை. வகுத்தல் வேண்டுமானால் இருக்கும் கட்டளைகளைக் கொண்டே அதற்கொரு நிரல் எழுதிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம்விட வருத்தியது வேறொன்று: −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்களையே பொறி கையாளும். கணக்கின் நடுவில் எந்த மதிப்பு எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, எல்லாவற்றையும் தக்க அளவில் சுருக்கிக் கொடுப்பது நிரல் எழுதுபவரின் கடமை. கையால் கணக்குப் போடுகிறவர் எண் பெரிதாகும்போது புள்ளியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார், அதை அவர் ஒரு வேலையாகவே எண்ணமாட்டார். பொறிக்கு அந்த இங்கிதமெல்லாம் தெரியாது.

1949 ஜூனில் வில்க்ஸே ஒரு மெய்யான கணக்கை எடுத்தார். ஏரி (Airy) என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வை அட்டவணையாக்குவது அவர் நோக்கம். பார்வைக்கு எளிய சமன்பாடு. நிரலோ 126 வரிகள். அதில் ஏறத்தாழ இருபது பிழைகள் இருந்தன! எட்சாக் இருந்த அறைக்கும் நிரலைக் காகித நாடாவில் துளைகளாக இடும் கருவி இருந்த இடத்துக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, இனித் தம் வாழ்நாளில் ஒரு நல்ல பங்கு தம் நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்பது தமக்கு உறைத்ததாக அவர் பின்னாளில் எழுதினார். இந்த இடத்தை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வில்க்ஸ் தேர்ந்த கணித அறிஞர், பொறியைக் கட்டியவரும் அவரே. அப்படிப்பட்டவருக்கே ஆறு வரிக்கு ஒரு பிழை என்றால், கணிதம் தெரிந்திருப்பதும் கணிதத்தைப் பொறிக்குச் சொல்லத் தெரிந்திருப்பதும் இரண்டு தனித் திறமைகள் என்பது அங்கே முதன்முதலாக வெளிப்பட்டது. பிழை தேட, பொறியை நிறுத்தி ஒவ்வொரு கட்டளையாகப் பொத்தானை அழுத்தி நகர்த்தி, நினைவகத்தைத் திரையில் எட்டிப் பார்ப்பதுதான் முதலில் இருந்த வழி. ஒருவர் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர்களின் நாடாக்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. ஆகவே, நிரல் எந்தெந்தக் கட்டளைகளைக் கடந்து போகிறது என்பதைப் பொறியே அச்சிட்டுக் காட்டும் துணைநிரல்களை அதே ஆய்வுக்கூடத்தின் ஸ்டான்லி கில் எழுதினார்.

துணைநிரல், அதாவது வேண்டும்போது அழைத்துப் பயன்படுத்தும் சிறு நிரல், என்ற கருத்துக்கு இப்போது வருகிறோம். சைன், மடக்கை, வகுத்தல் போன்றவற்றை ஒவ்வொருவரும் தாமே எழுதிப் பிழை செய்வதைவிட, ஒருமுறை சரியாக எழுதியதை எல்லோரும் எடுத்தாளலாமே என்று நினைப்பது எளிது. ஆனால் ஒரே துணைநிரல் வெவ்வேறு நிரல்களில் நினைவகத்தின் வெவ்வேறு இடங்களில் போய் அமர வேண்டும். வேலை முடிந்ததும் தன்னை அழைத்த இடத்துக்கே திரும்பவும் வேண்டும். அழைத்தவர் யார் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் உறுப்பு எதுவும் எட்சாக்கில் இல்லை.

ஆய்வு மாணவராக இருந்த வீலர் இதற்குக் கண்ட தீர்வைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நிரலின் 100-ஆம் முகவரியில், ‘100-ஆம் முகவரியில் உள்ளதைத் திரட்டியில் கூட்டு’ என்ற கட்டளையை அவர் வைக்கிறார். திரட்டி என்பது கணக்கின் விடை சேரும் உறுப்பு. அந்த முகவரியில் இருப்பது அந்தக் கட்டளையேதான். ஆக, கட்டளை தன்னையே ஓர் எண்ணாக எடுத்துத் திரட்டியில் இட்டுக்கொள்கிறது. கூட்டலுக்குரிய குறியீடு இரும எண்ணில் 1 எனத் தொடங்குவதாலும், அப்படித் தொடங்குவதைப் பொறி எதிர்மறை எண்ணாகக் கொள்வதாலும் அந்த எண் எதிர்மறையாகவே இருக்கும். அடுத்து 101-இல், ‘திரட்டி எதிர்மறையானால் துணைநிரலுக்குத் தாவு’ என்ற கட்டளை தவறாமல் நிறைவேறுகிறது. துணைநிரல் தன் முதல் வேலையாகத் திரட்டியில் உள்ளதோடு ஒரு மாறிலியைக் கூட்டுகிறது. கூட்டியதும் ‘100-இல் உள்ளதைக் கூட்டு’ என்றிருந்தது ‘102-க்குத் தாவு’ என்று உருமாறிவிடுகிறது. அதைத் தன் கடைசி வரியில் பதித்துவிட்டுத் துணைநிரல் தன் வேலையைத் தொடங்குகிறது. முடிவில் அந்த வரிக்கு வரும்போது அழைத்த இடத்துக்கு அடுத்த கட்டளைக்குத் தானே போய்ச் சேர்கிறது. வன்பொருளில் ஒரு கம்பியைக்கூட மாற்றாமல், எண்களின் குறியீட்டை மட்டும் நம்பிச் செய்த வேலை இது. இதைப்போன்ற நேர்த்தியை நான் அதிகம் கண்டதில்லை. துணைநிரலை எந்த இடத்திலும் அமர்த்தும் வேலையையும், நாடாவைப் படித்து உள்ளே ஏற்றும் தொடக்கக் கட்டளைகளிலேயே அவர் சேர்த்துவிட்டார். அந்தத் தொடக்கக் கட்டளைகள் அனைத்தும் 41 மட்டுமே.

இவ்வாறு உருவான நூலகத்தில் 1951 வாக்கில் 87 துணைநிரல்கள் இருந்தன. வகுத்தல், படிமூலம், முக்கோணவியல் சார்புகள், தொகையீடு, கலப்பெண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என எழுத்து வாரியாக வகைப்படுத்தி நாடாக்களாக வைத்திருந்தார்கள். வேண்டியவர் நாடாவை எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டு, திருப்பி வைத்துவிட வேண்டும். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் அதே ஆண்டில் இவற்றை விளக்கி வெளியிட்ட நூல், நிரலாக்கம் குறித்த முதல் நூல்களுள் ஒன்றாக மற்ற நாடுகளிலும் பயிலப்பட்டது.

வகைக்கெழுச் சமன்பாடுகளின் வரிசையில் கில்லின் முறை தனித்து நிற்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டைச் சிறு சிறு அடிகளாக எட்டுவைத்துத் தீர்க்கும் ருங்கே–குட்டா முறை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே உள்ளது. அதில் ஒவ்வொரு எட்டிலும் நான்கு இடைமதிப்புகள் வருகின்றன. கையால் கணக்கிடுபவர் அவற்றைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொள்ளலாம். எட்சாக்கில் ஒவ்வொரு இடைமதிப்பும் பாதரசத்தில் ஓரிடத்தைப் பிடிக்கும். கில் அதன் குணகங்களை மாற்றி, ஒவ்வொரு மாறிக்கும் மூன்று இடங்களே போதும் என்னும்படி அமைத்தார். அத்துடன் கடைசி இலக்கங்களை விட்டு எண்களைச் சுருக்கும் முழுமையாக்கலால் சேரும் பிழையையும் கட்டுக்குள் வைத்தார். பொறியியல் மாணவர்களுக்கான எண்ணியல் நூல்கள் சிலவற்றில் இன்றும் இம்முறை வருகிறது. அதில் அரையின் வர்க்கமூலம் ஏன் வந்து நிற்கிறது என்று மாணவர் கேட்டால், நினைவகத்தில் ஓரிடம் மிச்சம் பிடிப்பதற்காக என்பதே நேர்மையான விடை.

இந்த நூலகத்தின் துணையால் நடந்த கணக்குகள் பலதரப்பட்டவை. ஒரு பண்பின் மரபணு விகிதம் நிலப்பரப்பு நெடுகிலும் எப்படி மாறுகிறது என்று மரபியலாளர் ரொனால்டு ஃபிஷர் எழுதிய சமன்பாட்டை வில்க்ஸும் வீலரும் தீர்த்துக் கொடுத்தார்கள். 1950-இல் அது வெளியாயிற்று. 1951-இல் கணித அறிஞர் மில்லரும் வீலரும் 79 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார்கள்: 2-இன் 127-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தி, 180-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் அது கிடைக்கும். உயிர்வேதியியலாளர் ஜான் கென்ட்ரூ மயோகுளோபின் புரதத்தின் எக்ஸ்கதிர்ப் படங்களை அமைப்பாக மாற்றும் ஃபூரியே கூட்டல்களை இங்கே செய்தார். 1962-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். உடலியலாளர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு எட்சாக்கைப் பயன்படுத்தும் வாய்ப்பு இல்லை. நரம்புத் துடிப்பின் சமன்பாடுகளை அவர் தீர்க்க வந்த சமயத்தில், மாற்றியமைப்பதற்காக எட்சாக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். துடிப்பு நரம்பில் ஓடுவதைக் காட்டும் கணக்கை அவர் பிரன்ஸ்விகா என்ற கைப்பொறியைச் சுழற்றிச் சுழற்றி ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடித்தார்.

பொறியியலிலும் இதே மாற்றம் நடந்தது. கட்டடச் சட்டகங்களை ஆராய 1930-இல் அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் தந்த திருப்புத்திறன் பங்கீட்டு முறை (moment distribution), கைக்கணக்குக்கென்றே பிறந்தது. சட்டகத்தின் எந்த இணைப்பை முதலில் சமன்செய்தால் விரைவில் முடியும், எங்கே நிறுத்தலாம் என்பதையெல்லாம் அனுபவமுள்ள பொறியாளரின் கண்ணே தீர்மானித்தது. சமன்பாடுகளைத் தொகுதியாக எழுதித் தீர்ப்பது கையால் ஆகாத காரியம் என்பதாலேயே அந்த முறை அவ்வளவு புகழ் பெற்றது. 1953-இல் பொறியியல் ஆய்வாளர் லிவ்ஸ்லி, மான்செஸ்டர் கணினியைக் கொண்டு விறைத்த சட்டகங்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. பொறிக்குக் கண்ணும் இல்லை, அலுப்பும் இல்லை. ஒவ்வொரு உறுப்பின் விறைப்பையும் ஒரே மாதிரியாகச் சேர்த்துச் சமன்பாட்டுத் தொகுதியை அமைத்து, எதையும் தேர்ந்து பார்க்காமல் முதலிலிருந்து கடைசிவரை தீர்ப்பதே அதற்கு உகந்த வழி. கைக்கு மிகக் கடினமென்று ஒதுக்கி வைத்த அந்த அணி (matrix) வழிமுறைதான், இன்று நீங்கள் பயன்படுத்தும் கட்டமைப்பு மென்பொருள்கள் அனைத்தின் உள்ளேயும் ஓடிக்கொண்டிருக்கிறது.