கடன் வைத்துக்கொண்டு குட்டை நடத்துகிறவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் மீன், இறால் வளர்க்கிற சிறு விவசாயிகளைப் பற்றிப் பயிற்சி முகாம்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "சொன்னா கேக்க மாட்டாங்க, புதுசா எதைச் செய்யவும் பயப்படுவாங்க" என்பார்கள். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குட்டை, அதுவும் குத்தகை. வனாமி என்கிற இறால் வகையின் குஞ்சு விட்டு அறுபது நாள். சாயங்காலம் செக் ட்ரேயை, அதாவது இறால் தீனி தின்கிறதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கிவைக்கும் தட்டை, தூக்கிப் பார்க்கிறார். தீனி பாதி அப்படியே கிடக்கிறது. கரையோரம் நாலைந்து இறால் மந்தமாக நீந்துகின்றன. ஓட்டில் வெள்ளைப் புள்ளி தென்படவில்லை. வனாமியில் புள்ளி தெரியாமலேயே நோய் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். இப்போது பிடித்தால் நூறு கவுண்ட், அதாவது கிலோவுக்கு நூறு இறால். இன்னும் நாற்பது நாள் போனால் ஐம்பது கவுண்ட் வரும், விலையும் ஏறும். ஆனால் வந்திருப்பது வெள்ளைப் புள்ளி நோயென்றால் ஒரு வாரத்தில் குட்டை காலி.

இறாலைப் பிடித்துவிட அன்று இரவே வலைக்காரர்களுக்குப் போன் போடுகிறார். பக்கத்தில் நாலு குட்டை வைத்திருப்பவரோ மாதிரியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். தொழில் தெரிந்ததில் இருவருக்கும் வித்தியாசமில்லை. அவருக்கு ஒன்று போனால் மூன்று மிச்சம். இவருக்குப் போனால் தீனிக்கடை பாக்கி, குத்தகைப் பணம், அடகில் இருக்கும் நகை எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். இறால் வளர்ப்பில் தீனிக்கே பாதிச் செலவு போய்விடுகிறது. தீனியைக் கடனாகத் தந்தவரிடமே இறாலை விற்கிறவர்கள் பலர். அங்கே விலை பேச முடியாது.

இதே மனிதர் வேறோர் இடத்தில் துணிந்துவிடுகிறார். போன முறை நஷ்டமென்றால், இந்த முறை ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) தாங்குகிற அளவுக்கு மேல் குஞ்சை நெருக்கி விடுவார். சோதிக்காத மலிவுக் குஞ்சை வாங்குவார். விடியற்காலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறையும். அந்த நேரத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டரில் டீசலும் இல்லையென்றால் அவ்வளவுதான். இது பயந்தாங்கொள்ளி செய்கிற காரியமா? வட்டி ஏறிக்கொண்டே போகும்போது சிறு லாபம் கடனைத் தொடக்கூடப் போதாது, பெரிய மகசூல் ஒன்றுதான் அடைக்கும். பொறுத்திருக்க வேண்டிய நேரத்தில் அவசரப்படுத்துவதும் நிதானிக்க வேண்டிய நேரத்தில் துணிய வைப்பதும் அதே கடன்தான். இதை அவருடைய சுபாவம் என்று எழுதிவைப்பது அநியாயம்.

1990களில் டைகர் இறால் பண்ணைகளை வெள்ளைப் புள்ளி நோய் அழித்ததை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. அதன் பிறகு 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல். இத்தனையும் பார்த்தவர் கணக்குப் போட்டுத்தான் காலெடுத்து வைப்பார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2018-19இல் கிசான் கிரெடிட் கார்டு என்கிற விவசாயக் கடன் அட்டை மீன் வளர்ப்போருக்கும் வந்தது. 2024இல் ஒப்புதல் பெற்ற மத்ஸ்ய கிசான் சம்ருத்தி என்கிற மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில், 4 ஹெக்டேர் வரையுள்ள பண்ணைகளுக்குக் காப்பீட்டு பிரீமியத்தில் 40 சதவீதம் வரை ஊக்கத்தொகை உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவர் வங்கியில் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

குத்தகைக்கு விடுகிற நில உரிமையாளர்களே, ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுங்கள். உங்கள் நிலம் எங்கும் போய்விடாது. அவருக்கோ அந்தத் தாள் இருந்தால்தான் கடனும் காப்பீடும் கேட்க வழி. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பண்ணைக்காரர்கள் அடுத்த முறை குஞ்சு விடும் முன் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். நோய் வந்த குட்டைத் தண்ணீரைப் ப்ளீச்சிங் பவுடர் போடாமல் யாரும் திறந்துவிடக் கூடாது. நோயை மறைக்காமல் சொன்னவருக்கு அந்தப் பவுடர் செலவை எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.