கல்லூரி விழாவில் குறும்படம் திரையிடுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல் துறைகள் நடத்தும் ஊடக விழாக்களில் ஒளிப்படம், செய்தி வாசிப்பு, விளம்பரம், ஒரே பகலில் நாளிதழ் தயாரிப்பது என்று பல போட்டிகள் உண்டு. இவற்றில் அரங்குக்கு வந்தபிறகு கெட்டுப்போவது குறும்படம்தான். மாணவர்கள் மாதக்கணக்கில் உழைத்து எடுத்த படம், திரையிடும் ஏற்பாடு சரியில்லாததால் பரிசை இழக்கிறது. இது நியாயமே இல்லை. அதனால் திரையிடலைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

படம் வெளிறித் தெரிந்தால் உடனே பெரிய புரொஜெக்டரை வாடகைக்கு எடுக்க ஓடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அடி அகலமுள்ள 16:9 (அகலம்:உயரம்) திரையின் பரப்பு 81 சதுர அடி. தியேட்டர் அளவுக்கு வெளிச்சம் வேண்டுமென்றாலும், நல்ல இருட்டில் சுமார் 1300 லூமென் (புரொஜெக்டர் வீசும் ஒளியின் அளவு) போதும். துறையில் ஏற்கெனவே இருக்கும் 3000 லூமென் புரொஜெக்டரே தாராளம். ஆனால் எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. அரங்கம் எவ்வளவு இருட்டோ, திரையில் கறுப்பும் அவ்வளவுதான். வென்டிலேட்டர் வழியாக வரும் பகல் வெளிச்சம் திரையில் பட்டால், இரவுக் காட்சியில் முகமே தெரியாது. ஆகவே காசைக் கறுப்புத் துணியில் போடுங்கள். ஜன்னல், கதவிடுக்கு, மேடை விளக்கு எல்லாவற்றையும் பாருங்கள். சமதளத் தரையானால் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து குறைந்தது நாலடி உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைத்துவிடும்.

அடுத்தது ஒலி. பெரும்பாலான படங்கள் அடிபடும் இடம் இதுதான். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஸ்டீரியோ ஒயரை எடுத்து, மைக்செட்காரர் மிக்சரின் ஒரே பேலன்ஸ்டு இன்புட்டில் செருகிவிடுவார். அந்த இன்புட் இடது ஒலியிலிருந்து வலது ஒலியைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். வசனம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிவானது, அதனால் கழிந்து காணாமல் போய்விடும். பின்னணி இசை மட்டும் கேட்கும். "படத்தில் வசனமே சரியில்லை" என்று நடுவர் எழுதிவிட்டுப் போவார். ஒயரை இரண்டாகப் பிரித்து இரண்டு சேனலில் கொடுத்தால் தீர்ந்தது. பேச்சு மைக்குக்காக பேஸை (தாழ்ந்த சுருதி ஒலியை) குறைத்து வைத்திருந்தால் அதையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். ரீங்காரம் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்பும் ஒயர் வழியாக வளையமாகி எழுப்பும் இரைச்சல். லேப்டாப்பையும் மிக்சரையும் மின் இணைப்பில் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் டி.ஐ. பாக்ஸ் ஒன்றை இடையில் வையுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

கோப்பு எந்த வடிவில் வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்: எம்.பி.4, எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 1920×1080, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், சப்டைட்டில் படத்தோடு சேர்த்தே பதித்தது. தமிழ் சப்டைட்டிலைத் தனிக் கோப்பாக வாங்கினால் எழுத்து உடைந்து வரக்கூடும். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் பத்து நிமிடப் படம் சுமார் ஒன்றரை ஜிபி வரும். ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள்.

செல்போனில் எடுத்த படங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. போன் ஒரே சீரான ஃப்ரேம் ரேட்டில் (நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்ற கணக்கில்) பதிவதில்லை. எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் சீரான ரேட்டுக்கு மாற்றாவிட்டால், தொடக்கத்தில் உதட்டோடு ஒத்துப்போகும் ஒலி, போகப்போக விலகிவிடும். முதல் நிமிடத்தை மட்டும் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்துக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும் திரையிடலுக்குத்தான் விலக்கு தருகிறது. பிற கல்லூரிகளிலிருந்து கூட்டம் வரும் விழாவில் அதை நம்பிச் சினிமாப் படம் போடாதீர்கள், அனுமதி வாங்குங்கள்.

படங்களைப் பெறும் கடைசி நாளை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அதே அரங்கில், அதே லேப்டாப்பில், அதே ஒயரில் ஒவ்வொரு படத்திலும் தொடக்கம், வசனம் வரும் ஓரிடம், கடைசி நிமிடம் மூன்றையும் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். குறை தெரிந்தால் இயக்கிய மாணவரை அன்றே அழைத்துச் சொல்லுங்கள். திருத்திய கோப்பை அனுப்ப அவருக்கு மூன்று நாளாவது இருக்க வேண்டும்.

வணக்கம்.