ஓட்டுப் போட்ட மறுநாளே வேட்பாளர் விலகிவிட்டார் | டெக்சஸ் பிரைமரி, என் ஆதங்கம்

வணக்கம் மக்களே. வருமான வரிக் கணக்குத் தாக்கல் பற்றிய அடுத்த பகுதியை இன்று போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது வார இறுதியில் கண்டிப்பாக வரும். இன்றைக்கு வேறு விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டு வரிப் படிவத்தைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

இன்று 2024 மார்ச் 6. நேற்று சூப்பர் செவ்வாய். ஜனாதிபதி தேர்தலுக்கான வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, பதினைந்து மாநிலங்களில் குடியரசுக் கட்சியின் பிரைமரி (வாக்குச்சாவடியில் போடும் ஓட்டு), காகஸ் (கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடிப் போடும் ஓட்டு) எல்லாம் ஒரே நாளில். எங்கள் டெக்சஸும் அதில் ஒன்று. டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு நான் ஓட்டுப் போட்டேன். இன்று காலை அவர் சார்ல்ஸ்டனில் மேடையேறி, பிரசாரத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நேற்று மாலை போட்ட ஓட்டுக்கு இன்று காலை ஆள் இல்லை.

நம்ம சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் அரசியல் தெரியும். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து குடியரசுக் கட்சிக்குத்தான் போடுகிறேன். சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. வரியும் விதிமுறைகளும் ஒரு சின்ன உணவகத்தை எப்படி நெரிக்கின்றன என்பதை நாள்தோறும் பார்க்கிறவள். அரசாங்கம் தன் வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறவள். இந்த நாட்டின் கடன் 2024 தொடக்கத்திலேயே 34 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்படும் ஒருவர் என் கட்சியின் வேட்பாளராக வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் கோரிக்கை.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். டெக்சஸில் வாக்காளர்களைக் கட்சி வாரியாகப் பதிவு செய்வது கிடையாது. வாக்குச்சாவடி மேசையில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால், எந்தக் கட்சியின் பேலட் (ஓட்டுச் சீட்டு) வேண்டும் என்று கேட்பார்கள். சொன்னதும் ஒரு வெற்று அட்டை கொடுப்பார்கள். அதை இயந்திரத்தில் செருக வேண்டும், திரையில் பெயர்கள் வரும். எங்கள் கொலின் கவுன்டியில் எந்த மையத்திலும் போடலாம் என்பதால் வேலை முடிந்து வரும் வழியிலேயே போய்விட்டேன். திரையில் முதலில் வந்ததே ஜனாதிபதி வேட்பாளர் பட்டியல்தான். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ரான் டிசான்டிஸ் பெயர் இருந்தது, விலகி ஒன்றரை மாதம் ஆகிறது. விவேக் ராமசாமி பெயர் இருந்தது, முதல் மாநிலமான அயோவாவின் காகஸ் முடிந்த இரவே விலகியவர். கிறிஸ் கிறிஸ்டி அயோவா வரைகூட வரவில்லை, அவர் பெயரும் இருந்தது. எல்லோரும் டிசம்பர் 11 கெடுவுக்குள் பெயர் கொடுத்தவர்கள். பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. களத்தில் உண்மையில் நின்றவர்கள் இரண்டே பேர். அதிலும் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒன்று.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இந்த முடிவை எடுத்தது யார்? ஜனவரி 15, அயோவா. எலும்பை உறைய வைக்கும் குளிர். வந்து காகஸில் கலந்துகொண்டவர்கள் சுமார் 1,10,000 பேர். டிரம்புக்கு 51 சதவீதம், அதாவது ஏறத்தாழ 56,000 ஓட்டு. காகஸ் தொடங்கி அரை மணி நேரத்தில் செய்தி நிறுவனம் அவர் வென்றுவிட்டார் என்று அறிவித்துவிட்டது, சில இடங்களில் மக்கள் இன்னும் ஓட்டுச் சீட்டைக் கையில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு எட்டு நாளில் நியூ ஹாம்ப்ஷயர். அந்த எட்டு நாளுக்குள் ராமசாமி, இன்னொரு வேட்பாளரான ஹட்சின்சன், டிசான்டிஸ் மூவரும் போய்விட்டார்கள். வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள், அதாவது டெலிகேட்டுகள், அயோவாவுக்கு 40, நியூ ஹாம்ப்ஷயருக்கு 22. எங்கள் டெக்சஸுக்கு 161. நேற்று இங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியரசுக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போட்டிருக்கிறோம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ரசமும் மோரும்தான் மிச்சம் என்கிற கதையாகிவிட்டது எங்கள் நிலைமை.

டிரம்புக்குப் போட்டவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டெக்சஸில் அவருக்குக் கிட்டத்தட்ட 78 சதவீதம். எங்கள் வீட்டுக்காரரும் அவருக்குத்தான் போட்டார். எல்லை விஷயத்தில் வேறு யாரையும் நம்ப மாட்டேன் என்கிறார். அது அவர் முடிவு, யோசித்து எடுத்த முடிவு. என் ஆதங்கம் எல்லாம் எதிரில் நின்றவர்கள் மேலும், எந்த மாநிலம் முதலில் என்கிற இந்த வரிசை மேலும்தான்.

முதல் விவாதத்தை நினைத்துப் பாருங்கள். போன ஆகஸ்ட் 23, மில்வாக்கி. மேடையில் எட்டுப் பேர். அன்று இரவு நான் போட்ட வீடியோவில் எவ்வளவு உற்சாகமாகப் பேசினேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஹேலி எழுந்து, டிரம்ப் காலத்தில் கடன் 8 லட்சம் கோடி டாலர் கூடியது, நம் கட்சிக்காரர்களும் இதற்குப் பொறுப்பு என்று சொன்னார். சொந்தக் கட்சி மேடையில் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும். அன்றைக்கே என் ஓட்டு அவருக்கு என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அந்த மேடையில் டிரம்ப் இல்லை. ஐந்து விவாதங்களுக்கும் அவர் வரவில்லை. வராமலே ஜெயிக்க முடிந்தது, ஏனென்றால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர்தான் அடித்துக்கொண்டார்கள். ஜனவரி 10, அயோவாவின் தலைநகர் டெமாயினில் ஹேலியும் டிசான்டிஸும் மட்டும் நேருக்கு நேர் நின்ற இரவு. அதே ஊரில், அதே நேரத்தில், வேறொரு சேனலில் டிரம்ப் தனியாக மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இவர்கள் இருவரும் இங்கே தங்களுக்குள் சண்டை.

டிசான்டிஸ் மேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது! 2022இல் ஃபுளோரிடா ஆளுநர் தேர்தலில் 19 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மனிதர். நிர்வாகம் தெரிந்தவர். அயோவாவின் 99 கவுன்டிகளுக்கும் போனார். அங்கே ஒரு கவுன்டியில்கூட முதலிடம் வரவில்லை. ட்விட்டரில் அறிவிப்பு நிகழ்ச்சி நடத்தி, அது தொழில்நுட்பக் கோளாறில் தடுமாறியதிலிருந்தே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது.

இப்போது பர்கம் விஷயம். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். நார்த் டகோட்டா ஆளுநர் டக் பர்கம். நம்மில் எத்தனையோ பேர் மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் ஜிபி என்ற கணக்கு மென்பொருளில் வேலை பார்த்திருப்போம். நானும் வருடக்கணக்கில் அதில் கணக்கு எழுதியிருக்கிறேன். அந்த மென்பொருளே அவருடைய கிரேட் ப்ளெயின்ஸ் கம்பெனியின் பிள்ளைதான், 2001இல் 110 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஊதியப் பட்டியல் போட்டவர், ஆட்களை வேலைக்கு எடுத்தவர், மாநிலத்தை நடத்தியவர். எனக்கு இப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும். ஆனால் அவரை யாருக்கும் தெரியாது. விவாத மேடை ஏற வேண்டுமானால் கட்சியின் விதிப்படி 40,000 நன்கொடையாளர்கள் வேண்டும், அதுவும் குறைந்தது 20 மாநிலங்களில் தலா 200 பேர். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு டாலர் நன்கொடை கொடுத்தால் 20 டாலருக்கு கிஃப்ட் கார்டு என்று அறிவித்தார். 50,000 பேர் வரைக்கும்!

கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு நிகரச் செலவு 19 டாலர். 50,000 பேருக்கு ஒன்பதரை லட்சம் டாலர். தபால் செலவைச் சேர்க்கவில்லை. என் சொந்தத் தோழி ஒருத்தி வாங்கினாள். ஒரு டாலர் போட்டாள், கார்டு வந்தது, மளிகை வாங்கினாள். பர்கம் எந்தக் கட்சி என்றுகூட அவளுக்கு அப்போது தெரியாது. நான் வாங்கவில்லை. இருபது டாலர் எனக்கும் இருபது டாலர்தான், ஆனாலும் மனம் வரவில்லை. மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொந்தமாகச் சம்பாதித்த பணம், விதிக்குள்தான் செய்தார். விதியை எழுதியவர்கள் மேல்தான் கோபம். ஆளுநராக ஏழு வருடம் வேலை பார்த்தவர் மேடை ஏறுவதற்கு மளிகைக்கடைப் பணம் அனுப்ப வேண்டும் என்றால், அந்த வாசலை வைத்தது எதற்கு? கட்சிக்கு நல்ல வேட்பாளர் வேண்டுமா, மின்னஞ்சல் முகவரிப் பட்டியல் வேண்டுமா? இத்தனைக்கும் அந்தக் கார்டு அவரை இரண்டு விவாதம் வரைக்கும்தான் கொண்டுபோனது. பிறகு வாசலை இன்னும் உயர்த்திவிட்டார்கள். டிசம்பரில் விலகிவிட்டார். முதல் விவாதத்துக்கு முந்தின நாள் கூடைப்பந்து விளையாடிக் குதிகால் தசைநார் கிழிந்து, அந்தக் காலோடு மேடையில் நின்றாரே, அந்த உறுதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

ராமசாமி பற்றி நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நம்ம ஆள், தமிழ் பேசுகிறவர், ஏன் அவரை ஆதரிக்கவில்லை என்று. வேலூர்க்காரர் ஒருவரிடம் அவர் தமிழில் பதில் சொன்ன வீடியோவை எனக்கு அனுப்பாத சொந்தக்காரர்களே இல்லை. பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, 38 வயதில் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு விவாத மேடையில் நிற்கிறார் என்றால் அது சாதாரண விஷயமா? ஆனால் அதே முதல் விவாதத்தில், 21ஆம் நூற்றாண்டின் சிறந்த ஜனாதிபதி டிரம்ப்தான் என்று அவரே சொன்னார். அப்படியானால் அவரை எதிர்த்து எதற்காக நிற்கிறார் என்ற என் கேள்விக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை. தமிழுக்காக ஓட்டுப் போடுவது என் வழக்கம் இல்லை. ஹேலியின் பெற்றோர் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் என்பதற்காகவும் நான் அவருக்குப் போடவில்லை.

அட, நெவாடாவைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். பின்னால் போவோம், இது முக்கியம். நெவாடாவில் மாநிலச் சட்டப்படி பிப்ரவரி 6 பிரைமரி. கட்சியோ எங்களுக்கு அது வேண்டாம், நாங்கள் 8ஆம் தேதி காகஸ் நடத்துவோம், டெலிகேட்டுகள் எல்லாம் அதற்குத்தான் என்றது. ஒன்றில் நின்றால் மற்றதில் நிற்கக் கூடாது. டிரம்ப் காகஸில், ஹேலி பிரைமரியில். நெவாடா பேலட்டில் 1970களிலிருந்தே 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்துக்கு 63 சதவீதம் விழுந்தது, ஹேலிக்கு 30. அவரை எதிர்த்துப் பெரிய பெயர் எதுவும் இல்லாத இடத்தில், வெறும் கட்டத்திடம் தோற்றார். அதில் பெரும்பகுதி டிரம்ப் ஆதரவாளர்கள் போட்டதுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே கட்சிக்கு, ஒரே மாநிலத்தில், ஒரே வாரத்தில் இரண்டு தேர்தல். முக்கியமான இருவரும் ஒரே பேலட்டில் சந்திக்கவே இல்லை. இதை எப்படி வாக்காளருக்குக் கொடுத்த தேர்வு என்று சொல்வது? அந்த 26 டெலிகேட்டுகளும் டிரம்புக்கே போயின.

ஹேலி மேலும் எனக்குக் குறை உண்டு. டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில், உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று ஒருவர் கேட்டபோது அடிமைமுறை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. தென் கரோலினாவில் ஆளுநராக இருந்தவர், அந்தப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியைச் சட்டமன்ற வளாகத்திலிருந்து இறக்கக் கையெழுத்திட்டவர், அதைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? அன்று எனக்கு அவ்வளவு வருத்தம். பிறகு அவருடைய சொந்த மாநிலத்திலேயே பிப்ரவரி 24 அன்று டிரம்பிடம் 20 புள்ளியில் தோற்றார். மொத்தத்தில் அவர் ஜெயித்தது வாஷிங்டன் டி.சி.யும் வெர்மான்ட்டும்தான்.

இன்று காலை அவர் டிரம்புக்கு ஆதரவு என்று அறிவிக்கவில்லை. தனக்குப் போட்டவர்களின் ஓட்டைச் சம்பாதிப்பது இனி டிரம்பின் பொறுப்பு என்று சொன்னார். அந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நவம்பரில் என்ன செய்வேன் என்று இப்போதே கேட்காதீர்கள். நாட்டின் கடனைப் பற்றி டிரம்ப் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வேன். மற்ற கட்சியிடமும் அந்தக் கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடையாது.

கட்சிக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வரிசையைச் சுழற்றுங்கள். ஒரு முறை அயோவா முதலில் என்றால், அடுத்த முறை டெக்சஸ், அதற்கடுத்து ஒஹையோ, ஜார்ஜியா. பெரிய மாநிலம் முதலில் வந்தால் பணக்காரர்கள்தான் தாக்குப்பிடிப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. பர்கம் கதையைக் கேட்ட பிறகும் அந்த வாதம் செய்பவர்கள் கமென்டில் வாருங்கள், பேசுவோம்.

இன்னொன்று. நேற்றைய பேலட்டில் ஜனாதிபதி பதவி மட்டும் இல்லை. கீழே போகப் போக உண்மையான போட்டி இருந்தது. மாநிலக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பதவியில் இருந்த மூன்று நீதிபதிகள் பிரைமரியிலேயே தோற்றிருக்கிறார்கள். மாநிலச் சபாநாயகர் டேட் ஃபிலனே ரன்ஆஃபுக்கு (யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காதபோது முதல் இருவருக்கிடையே நடக்கும் இரண்டாம் சுற்றுக்கு) தள்ளப்பட்டிருக்கிறார். சொத்து வரியை அறவே ஒழிக்க வேண்டுமா என்று கட்சி கேட்ட கேள்வியும் பேலட்டில் இருந்தது. நான் வேண்டும் என்று போட்டேன், என் வீட்டு வரி ரசீது வீடியோவைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். ரன்ஆஃப் மே 28. நேற்று குடியரசுக் கட்சி பேலட் எடுத்தவர்கள் அதிலும் அதே கட்சிக்குத்தான் போட முடியும். நேற்று எந்தப் பக்கமும் போடாதவர்கள்கூடப் பதிவு செய்திருந்தால் ரன்ஆஃபில் போடலாம், பலருக்கு இது தெரிவதில்லை. உங்கள் தொகுதியில் ரன்ஆஃப் உண்டா என்று கவுன்டி இணையதளத்தில் பாருங்கள். என் தொகுதி விவரம் உறுதியானதும் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன். வரித் தாக்கல் பகுதி சனிக்கிழமை வருகிறது.