போனில் நீங்கள் கேட்கும் மின்விசிறி பொய்!

இரவு பதினொன்றரை மணி. அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஏதோ யோசனையில் அவர் பேச்சை நிறுத்துகிறார். அந்த அமைதியில் 'ஸ்ஸ்ஸ்' என்று மின்விசிறி இரைகிறது. அம்மா வீட்டு விசிறிதான் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். பெரும்பாலும் அந்த இரைச்சலை உங்கள் கையில் இருக்கும் போன்தான் உண்டாக்குகிறது! எப்படி, ஏன் என்று சொல்கிறேன். அதற்குள் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடாதீர்கள்.

[திரையில்: பழைய டயல் போன், செம்புக் கம்பிகள்]

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுவோம். பழைய தொலைபேசியில் பேசி முடிக்கும்வரை ஒரு தடம் முழுவதும் உங்களுக்கே சொந்தம். 4ஜி-யில் அந்த ஏற்பாடே கிடையாது. அங்கே எல்லாமே டேட்டா. அதனால்தான் தொடக்கத்தில் 4ஜி போன்கள், அழைப்பு வந்தவுடன் 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கின. 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி-யை மட்டும் வைத்துக்கொண்டு வந்தபோது, இறங்குவதற்குக் கீழே படி இல்லை. குரலும் டேட்டாவாகத்தான் போயாக வேண்டும். திரையின் மேல் மூலையில் தெரியும் 'வோல்ட்டி' அதுதான்.

அழைப்பு எப்படித் தொடங்குகிறது? எஸ்ஐபி என்றொரு நெறிமுறை, அதாவது கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள வகுத்த விதிகள். முதலில் 1999-இல் தரமாக்கப்பட்டது. இன்று நாம் பயன்படுத்துவது 2002-இல் திருத்தி எழுதப்பட்டது. இணையதளங்களின் நெறிமுறையைப் பார்த்து வடிவமைத்ததால், இதுவும் மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகளில்தான் பேசும். நீங்கள் எண்ணை அழுத்தியதும் உங்கள் போன் 'இன்வைட்' என்று அனுப்புகிறது. அங்கே மணி அடித்தால் 180 என்று பதில் வரும். எடுத்தால் 200. வேறு அழைப்பில் இருந்தால் 486. அப்படி ஓர் ஆளே இல்லையென்றால்? இணையத்தில் எல்லோரும் பார்த்துச் சலித்த அதே 404! போனை வைக்கும்போது அது 'பை' என்று சொல்லிவிட்டுத்தான் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த நெறிமுறை இது. இவ்வளவு பண்பாக விடைபெறும் நெறிமுறை வேறெங்கே இருக்கிறது?

ஆனால் எஸ்ஐபி உங்கள் குரலைத் தொடுவதே இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும், கடைசியில் விடைகொடுப்பதும் மட்டுமே அதன் வேலை. சாப்பாடு பரிமாறுவது வேறு ஆள். அந்தப் பந்தியைத்தான் இன்று நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: வாழை இலைகள், வரிசையாகச் சாம்பார் வாளி]

உங்கள் குரலைப் போன் 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு நொடிக்கு 50 துண்டுகள். 'வணக்கம்' என்று சொல்ல அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சொல் 25 பொட்டலங்களாகப் பறக்கிறது. அலுவலக இணையத் தொலைபேசிகளில் குரலை எண்களாக்கப் பரவலாக இருக்கும் ஜி.711 என்ற முறையில், ஒரு பொட்டலத்தில் குரல் 160 பைட்; மேலே ஒட்டும் முகவரிச் சீட்டுகள் மட்டும் 40 பைட்!

இவற்றைக் கொண்டுபோக இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். டிசிபி, யுடிபி என்ற இரண்டு நெறிமுறைகள். பந்தியில் சாம்பார் வாளி உங்கள் இலையைத் தாண்டிப் போய்விட்டது என்று வையுங்கள். டிசிபி என்ன செய்யும்? ரசத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, வாளியைத் திருப்பிக் கொண்டுவந்து ஊற்றிய பிறகுதான் அடுத்ததை இலைக்கு விடும். வங்கிக் கணக்குக்கு இது சரி. ஓர் இலக்கம் விடுபட்டாலும் ஆபத்து. பேச்சுக்கு? ஒரு துண்டுக்காகக் காத்திருந்தால் பின்னால் வருவதெல்லாம் தேங்கிவிடும். குரல் ஒரு வாயிலிருந்து மறு காதுக்கு 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். அதனால் குரலுக்கு யுடிபி. தவறியது தவறியதுதான், அடுத்த வாளி வரட்டும். 1980-இல் எழுதப்பட்ட நெறிமுறை. அதன் தலைச்சீட்டு வெறும் 8 பைட். அதன் மேல் ஏறி உட்காரும் ஆர்டிபி என்ற இன்னொரு நெறிமுறை, ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண்ணும் நேரமும் குறித்து அனுப்பும். ஒன்று தொலைந்தால், முந்தைய துண்டை நீட்டி உங்கள் போன் ஓட்டையை அடைக்கும். ஒன்றிரண்டு போனால் காதுக்குத் தெரியாது. தொடர்ந்து போனால்தான் 'ரோபோ மாதிரிப் பேசுகிறாய்' என்று திட்டு வாங்குவோம்.

இப்போது விசிறிக்கு வருவோம். அம்மா பேசாதபோதும் நொடிக்கு 50 பொட்டலம் அனுப்பினால் பேட்டரி வீண். அதனால் அவருடைய போன் பேச்சு நின்றதைக் கண்டுபிடித்து, 160 மில்லிநொடிக்கு ஒரு குறிப்பை மட்டும் அனுப்புகிறது: 'இங்கே இந்த அளவுக்கு, இந்தச் சாயலில் இரைச்சல் இருக்கிறது.' நொடிக்கு ஆறேழு சிறு குறிப்புகள், அவ்வளவுதான். அதைப் படித்து உங்கள் போன் அதே சாயலில் இரைச்சலைத் தானே தயாரிக்கிறது. பொறியாளர்கள் இதற்கு 'கம்ஃபர்ட் நாய்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறுதல் இரைச்சல்! இது இல்லையென்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் காது அடைத்தாற்போல் ஆகிவிடும். நீங்கள் பதறிப்போய் 'ஹலோ, ஹலோ, லைனில் இருக்கிறீர்களா?' என்பீர்கள். மனிதருக்கு வெறுமை பயம் தரும் என்று யோசித்து, அதற்கும் ஒரு வழி செய்தவர்கள் மீது எனக்கு அளவற்ற மரியாதை.

ஒரு பயனுள்ள செய்தி. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மேசைப் போன் மணி அடிக்கும், எடுத்தால் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் குரல் எங்களுக்கு வராது. ஒரு வாரம் போனையே மாற்றிப் பார்த்தார்கள். கோளாறு ரூட்டரில். அழைப்பும் குரலும் வெவ்வேறு வழியில் போகின்றன என்றேன் அல்லவா? அலுவலகத்துக்கு வெளியே செல்லுபடியாகாத உள்முகவரியை எங்கள் போன் கொடுத்திருந்தது; ரூட்டர் அதை மாற்றாமல் விட்டுவிட்டது. அவர்கள் குரல் அந்த முகவரியைத் தேடி எங்கோ போய்த் தொலைந்தது. உங்கள் அலுவலகத்தில் இப்படி நடந்தால் முதலில் ரூட்டரைப் பாருங்கள்.

[திரையில்: சுழலும் மின்விசிறி, பக்கத்தில் ஒரு போன்]

இன்றிரவு ஒரு சோதனை. விசிறி ஓடும் அறையில் இருப்பவரை அழையுங்கள். அவரை ஐந்து நொடி சும்மா இருந்துவிட்டு 'ம்' என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரைச்சலை வடிகட்டும் புதிய போன்களில் மெலிதாகத்தான் தெரியும். ஆனால் அந்த 'ம்' தொடங்கும் கணத்தில் இரைச்சலின் குணம் லேசாக மாறும். அங்கேதான் உங்கள் போன் செய்த விசிறி நின்று, அவர் வீட்டு விசிறி சுற்றத் தொடங்குகிறது. கேட்டதா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.