சேதி சொன்னதும் போய்விடும் தூதர்

வணக்கம். இளையோருக்கான மிகுபுனைவை, அதாவது மந்திரமும் மாயமும் நிறைந்த கதைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பெரிய பரப்பு. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தேவதூதர்களின் சக்தியே மந்திரமாக வரும் நாவல், அதுவும் தொடராக நீளாமல் ஒரே புத்தகத்தில் முடியும் நாவல். இந்தக் கதைக்கு ஒற்றைப் புத்தகம்தான் பொருத்தமான வடிவம் என்பது என் கட்சி.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தேவதை என்றதும் நமக்கு வெள்ளை உடுப்பும் இறக்கையும்தான் கண்முன் வரும். ஆனால் எபிரேயத்தில் 'மலாக்', கிரேக்கத்தில் 'அங்கெலோஸ்', இரண்டுக்குமே சேதி கொண்டுபோகிறவர் என்றுதான் பொருள். அழகோ இறக்கையோ அந்தச் சொற்களில் இல்லை. தமிழில் 'தேவதூதர்' என்று வைத்தவர்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். தூது என்றால் என்ன என்பதற்கு நம்மிடம் ஓர் அதிகாரமே இருக்கிறது. அதன் கடைசிக் குறள், 690:

"இறுதி பயப்பினும் எஞ்சாது இறைவற்கு
உறுதி பயப்பதாம் தூது."

தன் உயிருக்கே முடிவு வந்தாலும் குறைவில்லாமல் தன் அரசனுக்கு நன்மை செய்பவனே தூதன். வள்ளுவர் 'இறைவன்' என்றது அரசனைத்தான். ஆனாலும் தேவதூதர் கதை எழுத உட்காருகிறவர் இந்தக் குறளை மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

மற்ற மந்திரக் கதைகளில் சக்தி நாயகனுடையது. அவன் கற்கிறான், வளர்கிறான், ஜெயிக்கிறான். இங்கே சக்தி தூதருடையதுகூட இல்லை. அவரே இன்னொருவரின் சொல்லைச் சுமப்பவர். அப்படியென்றால் அவரை அழைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை உண்மையில் யாரிடம் கேட்கிறது? "என் வாயிலிருந்து வருவது யாருடைய சொல்? அம்மாவுடையதா, ஊராருடையதா, என்னுடையதா?" என்று மனம் குடையும் வயது அது. அதனால்தான் இந்தக் கதை இளையோருக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று நம்புகிறேன்.

அடுத்தது பயம். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தூதர் சகரியாவிடமும் மரியாளிடமும் சொல்வது "பயப்படாதே". பார்த்தவர்கள் பயந்தார்கள், அதனால் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட ஜீவன்களுக்கு நான்கு முகங்கள். பக்கத்திலேயே சக்கரங்கள், வட்டம் முழுக்கக் கண்கள். ஏசாயா தீர்க்கதரிசி கண்ட சேராபீன்கள் என்ற வானவர்களுக்கு ஆறு இறக்கைகள். அவற்றில் பறக்க இரண்டுதான். இரண்டு முகத்தை மூட, இரண்டு கால்களை மூட. ஆறில் நான்கு, மறைத்துக்கொள்வதற்கே! அவர்கள் நிற்கும் இடத்தின் பிரகாசம் எப்படிப்பட்டது என்பதை அந்த நான்கு இறக்கைகளே சொல்லிவிடுகின்றன. இதை விட்டுவிட்டு இறக்கை முளைத்த ஓர் அழகான பையனைக் காதலனாக நிறுத்தும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காதல் வரட்டும், ஆனால் அந்தப் பயம் போய்விடக் கூடாது.

அப்புறம், மந்திரம் எப்படிக் கைக்கு வருகிறது? பழைய மரபுகளில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஏனோக்கின் நூல் என்ற பழைய யூத நூலில் இருநூறு காவல் தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். வாள் செய்யவும், கண்ணுக்கு மை தீட்டவும், வேர் வெட்டவும், மந்திரம் ஓதவும் மனிதர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அனுமதி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. குர்ஆனில், இரண்டாம் அத்தியாயம் 102ஆம் வசனத்தில், பாபிலோனில் ஹாரூத், மாரூத் என்ற இரு வானவர்கள் வருகிறார்கள். "நாங்கள் ஒரு சோதனை, நீ இறைவனை நிராகரித்துவிடாதே" என்று முன்னமே சொல்லாமல் அவர்கள் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படிச் சொன்ன பிறகும் கேட்டார்கள், கற்றார்கள். கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வித்தையைக் கற்றார்கள். கேட்கிறவரின் முகம் அந்த நொடியில் எப்படி இருந்திருக்கும்? ஒரு நாவலுக்கான நடு அத்தியாயம் அங்கேயே கிடக்கிறது.

சரி, ஏன் ஒரே புத்தகம்? பைபிளில் வரும் யாக்கோபின் கதையைப் பாருங்கள். இரவெல்லாம் ஒருவரோடு மல்லுக்கட்டுகிறான். ஆதியாகமம் அவரை ஒரு மனிதராகத்தான் காட்டுகிறது. ஓசியா என்ற இன்னொரு பைபிள் நூல் தூதர் என்கிறது. யாக்கோபு பேரைக் கேட்கிறான், பதில் இல்லை. "நான் போகட்டும், பொழுது விடிகிறது" என்கிறார் அவர். ஆசி கிடைக்கிறது, தொடைச் சந்து சுளுக்கிக்கொள்கிறது, விடியும்போது யாக்கோபு நொண்டி நடக்கிறான். வரமும் விலையும் ஒரே இரவில் தீர்ந்தன. சிம்சோனின் அப்பா மனோவாவும் ஒரு தூதரிடம் பேரைக் கேட்டான். "அது அதிசயம்" என்ற பதிலோடு தூதர் பலிபீடத்துத் தீக்கொழுந்தில் ஏறிப் போய்விட்டார். தூதர்கள் தங்குவதில்லை. மூன்று பாகம், ஐந்து பாகம் என்று இழுத்தால் அவர் வீட்டோடு இருக்கும் துணையாகிவிடுகிறார், விலையும் அடுத்த பாகத்துக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தொடர்கள் மீது எனக்குப் பகையில்லை. இந்தப் பொருளுக்கு அவை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

உங்களில் எழுத நினைப்பவர்களுக்காக ஒரு பொருளைக் காட்டுகிறேன். ஏறக்குறைய 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், மக்கள் மண்கிண்ணங்களில் மந்திரம் எழுதி வைத்தார்கள். கிண்ணத்தின் உட்புறத்தில் மையால், சுருள் சுருளாக, பெரும்பாலும் அரமேய மொழியில். தூதர்களின் பெயர்கள் இருக்கும். காக்கப்பட வேண்டியவரின் பெயர் இருக்கும், இன்ன தாயின் பிள்ளை என்று தாயின் பெயரோடு. எழுதி முடித்ததும் வீட்டுத் தரைக்கடியில் கவிழ்த்துப் புதைப்பார்கள். நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சில கிண்ணங்களில் இருப்பது எழுத்தே இல்லை. எழுத்துப் போலத் தெரியும் வெறும் கிறுக்கல். வாங்கியவருக்குப் படிக்கத் தெரிந்திருக்காது. எழுதியவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

அப்படிக் கிண்ணம் எழுதும் ஒருவருக்கு ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குத் தெரியாமல் அவள் எழுத்துக் கற்றுக்கொண்டுவிட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. ஒரு ராத்திரி அந்த வீட்டுத் தரையைத் தோண்டிக் கிண்ணத்தை நிமிர்த்துகிறாள். மண்ணைத் துடைக்கிறாள், விளக்கைக் கிட்டக் கொண்டுவருகிறாள். ஒரு பெயர்கூட இல்லை. எல்லாம் அப்பாவின் கிறுக்கல். ஆனால் இத்தனை வருஷமும் அந்த வீட்டைக் காத்துக்கொண்டு யாரோ நின்றிருக்கிறார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் இப்போதும் நிற்கிறார்கள். மை அவள் கையில் இருக்கிறது. பொழுது விடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.