எழுதப்படாத குறிப்பேடு

(உலகப் புத்தக நாளன்று, ஒரு கல்லூரி நூலகத்தின் இளவேனில் நிகழ்ச்சித் தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நூலகத்தின் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசிப்பறையின் கிழக்குச் சன்னலோரம் இயற்கைக்கென்று ஓர் அலமாரி வந்திருக்கிறது. பறவை, பட்டாம்பூச்சி, மரம் ஆகியவற்றை அடையாளம் காண உதவும் கையேடுகள் அதில் இருக்கின்றன. அடையாள அட்டையைக் காட்டி பைனாகுலரை ஒரு நாளுக்கு வாங்கிச் செல்லலாம். ஞாயிறு காலை நடையில் ஊர் மக்களும் கலந்துகொள்ளலாம், குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். இனி நான் பேச விரும்புவது, அந்த அலமாரியின் மேல்தட்டில் ஒரு வரிகூட எழுதப்படாமல் இருக்கும் பெரிய குறிப்பேட்டைப் பற்றி. நம் வளாகத்து மரங்கள் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் நாட்களை நாமே எழுதிவைப்பதற்கான ஏடு அது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுதாக மலர்ந்த நாட்களுக்கு கி.பி. 812 முதல் குறிப்புகள் கிடைக்கின்றன. நடுவே விடுபட்ட ஆண்டுகள் பல உண்டு. எழுதியவர்கள் அரசவையினரும் துறவிகளும். பூ விழா நடந்த நாளைத் தங்கள் நாட்குறிப்பில் எழுதினார்கள், அவ்வளவுதான். பல நூற்றாண்டுகள் கழித்து யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் அந்தப் பழைய ஏடுகளைத் தேடித் தேடி நாட்களைத் தொகுத்தார். 2021இல் மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுதாக மலர்ந்தபோது, அதுவரை கிடைத்த 1,200 ஆண்டுப் பதிவில் இதுதான் மிக முந்தியது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய வசந்தங்களைப் பற்றி அந்தத் துறவிகள் நமக்குச் சாட்சி சொல்கிறார்கள்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் இப்படித்தான் தொடங்கினார். குயிலினப் பறவை முதலில் கூவிய நாள், தகைவிலான் குருவி வந்து சேர்ந்த நாள், மரங்கள் துளிர்த்த நாள் என்று ஆண்டுதோறும் குறித்தார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். அமெரிக்காவின் கான்கார்டு ஊரில் எழுத்தாளர் தோரோ 1850களில் எழுதிவைத்த பூக்கும் நாட்களை, ரிச்சர்ட் பிரைமாக் என்ற உயிரியலாளர் இன்றைய நாட்களோடு ஒப்பிட்டார். அதே ஊரில் செடிகள் இப்போது முன்னதாகவே பூக்கின்றன.

பூவின் காலத்தைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையில் ஒரு தோழி, கொன்றை மரங்களைப் பேதை மரங்கள் என்கிறாள். காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்டனவாம். தலைவியைத் தேற்றுவதற்காகச் சொன்னதாகவே இருக்கட்டும். பருவத்துக்கும் பூவுக்கும் உள்ள உறவை ஊரே அறிந்திருந்தால்தான் அப்படிச் சொல்லித் தேற்ற முடியும். நம் வளாகத்துக் கொன்றை சென்ற ஆண்டு எந்த வாரத்தில் பூத்தது என்று கேட்டால் இந்த அரங்கில் யாரிடமும் பதில் இருக்காது. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைக் கேட்கவே வேண்டாம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

தாவரவியல் துறை செய்ய வேண்டிய வேலையை நூலகம் ஏன் எடுத்துக்கொள்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். கவனிப்பதை யாரும் செய்யலாம். காப்பதுதான் கடினம். மாணவர் மூன்று ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவார், ஆசிரியர் ஓய்வு பெறுவார், அவருடைய மேசை இழுப்பறையில் இருந்த தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகும். நூலகத்துக்குள் பதிவு எண்ணோடு வந்த ஏடு அவ்வளவு எளிதில் தொலையாது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. வாங்கும் நூல்களால் மட்டுமே அது வளர வேண்டியதில்லை. வாசகர்களே எழுதிச் சேர்க்கும் ஏட்டாலும் வளரலாம் என்பது என் நம்பிக்கை.

ஒரு சிக்கல் இருக்கிறது. பங்குனியில் புங்கை துளிர்க்கும்போதும், வேம்பு பூத்துச் சொரியும்போதும் நீங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை தொங்கும்போது விடுதி காலியாகியிருக்கும். பனிக்காலம் முழுக்க நூலகத்தின் பின்புறப் புதரில் குரல் கொடுத்த ஆறுமணிக்குருவி வடக்கே கிளம்பிவிடும். அது கடைசியாகக் கூவிய நாளைக் கேட்டவர் யார்? இரவுக் காவலர் கேட்டிருப்பார். வேப்பம்பூ பொறுக்க வரும் அம்மாக்களுக்கு எந்த மரம் முதலில் பூக்கும் என்று தெரியும். தோட்டத் தொழிலாளர்கள் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் சருகு கூட்டுகிறவர்கள். இலையுதிர்வைப் பற்றி அவர்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? எழுதத் தயங்குகிறவர்கள் வாய்மொழியாகச் சொன்னால் போதும், நூலக ஊழியர் எழுதிக்கொள்வார். பார்த்தவர் விரும்பினால் அவருடைய பெயரும் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏனென்றால் இப்படிப்பட்ட அறிவு பெயரில்லாமலே பல காலம் போய்விட்டது.

எழுதும் முறை எளிது. தேதி, மரத்தின் எண், பிறகு துளிர், மொட்டு, பூ, காய், பழம் இவற்றில் கண்டது எதுவோ அது. பார்த்தபோது பூ இல்லை என்றால் "பூ இல்லை" என்றே எழுதுங்கள். சென்ற வாரம் இல்லை, இந்த வாரம் இருக்கிறது என்ற இரண்டு வரிகள் சேர்ந்தால்தான் பூத்த வாரம் தெரியும். வாரந்தோறும் அதே மரத்தைப் பாருங்கள். இதே முறையில் இந்தியா முழுவதும் மாணவர்களும் பொதுமக்களும் பதிவுசெய்யும் சீசன்வாட்ச் திட்டத்துக்கும் நம் குறிப்புகளை அனுப்புவோம். பறவைக் குறிப்புகளை, பறவை பார்ப்பவர்கள் பதிவுசெய்யும் இ-பேர்ட் இணையதளத்தில் சேர்ப்போம். ஆனால் தாளில் எழுதிய மூலப்படி இங்கேயே இருக்கும்.

மரங்களுக்கு எண் தகடு கட்டும் வேலை நாளைக் காலை தொடங்குகிறது. ஆணி அடிக்கப் போவதில்லை. மரம் பருக்கும்போது இறுக்காதபடி தளர்வான கயிற்றில்தான் கட்டுகிறோம். கை கொடுக்க வருகிறவர்கள் ஆறரை மணிக்கு நூலக வாசலுக்கு வந்துவிடுங்கள். விடுமுறையிலும் வளாகத்தில் இருப்பவர்கள், இன்று போகும்போது ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாசல் மேசையில் இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.